பழைய ஃபைபர் படகில் தண்ணி எங்கே ஒளிஞ்சிருக்கு?
கடன் தீர்மானம் போடும் முன்னே பார்க்க வேண்டியவை



நம் கடலோர ஊர்க் குழுக்களில் படகுக் கடன் கேட்டு வரும் மனுக்கள் நிறைய. புதுப் படகு வாங்க எல்லோராலும் முடியாது. அதனால் "பழைய ஃபைபர் படகு ஒண்ணு வருது, விலை குறைச்சல், பெயிண்ட் அடிச்சு பளபளன்னு இருக்கு" என்று சொல்லி, பழைய படகுக்குத்தான் பலரும் கடன் கேட்கிறார்கள். நாமும் மனுவைப் பார்க்கிறோம், தவணையைக் கணக்குப் போடுகிறோம், தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம். ஆனால் படகை யார் போய்ப் பார்த்தது? "அது ஆம்பளைங்க வேலை" என்று விட்டுவிடுகிறோம்.

கடன் நம் எல்லோருடைய சேமிப்பிலிருந்து போகிறது. அந்தப் படகில் போகப் போவது நம் வீட்டுக்காரர், நம் பிள்ளை, நம் தம்பி. படகு ஆறே மாதத்தில் ஓட்டை என்று கரையில் கிடந்தால் தவணை நின்றுபோகும். நடுக்கடலில் தண்ணி ஏறினால் போவது பணம் மட்டும் இல்லை. ஆகவே ஃபைபர் படகுக்குள் தண்ணி எப்படிப் போகிறது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று இந்த இதழில் பார்ப்போம். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். மண்பானை வாங்கும்போது தட்டிப் பார்க்கத் தெரிந்த எவருக்கும் இது வரும்.

ஃபைபர் படகு என்றால் என்ன?

2004 டிசம்பர் 26 சுனாமியில் கட்டுமரங்களும் வள்ளங்களும் அடித்துப் போன பிறகு, நம் கரைகளில் ஃபைபர் படகுகள் ஏராளமாக வந்தன. அவசரத்தில் கட்டிய படகுகளும் அவற்றில் இருந்தன. அதனால் எல்லாப் படகும் ஒரே தரமாக இருக்கும் என்று நினைக்கக் கூடாது.

ஃபைபர் படகு கண்ணாடி நாரால் ஆனது. நாரைப் பாய் போல விரித்து, அதன்மேல் ரெசின் என்ற பசையை ஊற்றி, அடுக்கு அடுக்காக ஒட்டுவார்கள். பசை இறுகியதும் கல் மாதிரி ஆகிவிடும். வெளியே வழவழப்பாக இருக்கும் மெல்லிய தோலுக்கு ஜெல்கோட் என்று பெயர். நம் உடம்புக்குத் தோல் எப்படியோ, படகுக்கு ஜெல்கோட் அப்படி. தோல் கிழிந்தால் உள்ளே இருக்கும் நாருக்குத் தண்ணி போகும்.

படகின் முன்பக்கமும் பின்பக்கமும், சில படகுகளில் ஓரங்களிலும், மூடிய அறைகள் இருக்கும். அவற்றுக்குள் தெர்மாகோல் அல்லது ஃபோம் நிரப்பியிருப்பார்கள். படகு கவிழ்ந்தாலும், தண்ணி நிரம்பினாலும் மூழ்காமல் மிதப்பதற்குத்தான் அது. என்ஜின் மாட்டும் பின்சுவரிலும், என்ஜின் உட்காரும் இடத்திலும் பலத்துக்காக உள்ளே மரக்கட்டையோ பிளைவுட்டோ வைத்து ஃபைபரால் மூடியிருப்பார்கள். இந்த அறையும் இந்தக் கட்டையும்தான் தண்ணி ஒளிந்துகொள்ளும் இடங்கள்.

மூன்று வகைத் தண்ணி

படகில் தண்ணி என்றாலே ஓட்டை என்று நினைக்க வேண்டாம். மூன்று வகை உண்டு.

முதலாவது, மேலிருந்து வந்த தண்ணி. மழை, அலை, வலையிலிருந்து வடிந்த தண்ணி. இது படகின் உள்தளத்தில் தேங்கும். இறைத்துவிட்டால் போச்சு. ஆனால் நாள்கணக்கில் தேங்கி நின்றால், திருகு ஆணி ஓட்டை வழியாக அறைக்குள் இறங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மூடாமல் கரையில் கிடந்த படகுகளில் இதைப் பார்க்கலாம்.

இரண்டாவது, அடியிலிருந்தோ பக்கத்திலிருந்தோ கசிந்து வரும் கடல் தண்ணி. விரிசல், தேய்ந்த அடிப்பாகம், தளர்ந்த போல்ட், சரியாக மூடாத அடைப்பான் ஆகியவை இதன் வழிகள்.

மூன்றாவது, படகே குடித்துவிட்ட தண்ணி. ஃபோமிலும் மரக்கட்டையிலும் நாரிலும் ஊறி நிற்பது. இது கண்ணுக்குத் தெரியாது, இறைக்கவும் முடியாது. விற்பவருக்கே தெரியாமலும் இருக்கலாம். இதுதான் பெரிய ஆபத்து.

ஏன் ஆபத்து? ஒரு கணக்கு

ஒரு கன அடி என்பது நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு அடி உள்ள பெட்டி. அதில் 28 லிட்டர் தண்ணி பிடிக்கும். எடை 28 கிலோ. அதே பெட்டி நிறைய தெர்மாகோல் இருந்தால் எடை அரைக் கிலோ அளவுதான்.

இப்போது பின்பக்க அறை 3 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 12 கன அடி. அதில் மூன்றில் ஒரு பங்கு தண்ணி ஊறியிருந்தால் 4 கன அடி, அதாவது 112 கிலோ. இரண்டு ஆள் எந்த நேரமும் படகின் பின்பக்கத்தில் படுத்தே இருப்பது மாதிரி. வேலை செய்யமாட்டார்கள், ஆனால் டீசல் செலவு வைப்பார்கள். அந்த எடைக்கு மீனும் குறைவாகத்தான் ஏற்ற முடியும்.

இதைவிட முக்கியம் ஒன்று. படகு கவிழும் நேரத்தில் காப்பாற்ற வேண்டியது அந்த அறைதான். அதுவே தண்ணி குடித்திருந்தால் தாங்கும் சக்தி அந்த அளவுக்குக் குறைந்துவிடும். பிடித்துத் தொங்கிக்கொண்டிருப்பவர்களுக்கு அது உயிர்ப் பிரச்சினை.

படகைப் பார்க்கப் போகும்போது

இரண்டு மூன்று உறுப்பினர்களும், விஷயம் தெரிந்த ஒரு மீனவரும் சேர்ந்து போங்கள். காலை வெளிச்சத்தில் போங்கள். படகு காய்ந்து கரையில் இருக்க வேண்டும். விற்பவரிடம் முன்னாலேயே சொல்லி, வலை, பெட்டி எல்லாவற்றையும் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். கையில் கொண்டுபோக வேண்டியவை: ஒரு டார்ச் லைட், ஒரு சாக்பீஸ், கோலமாவு, சொட்டு நீலம், சோப்புத் தண்ணி, சைக்கிள் பம்பு, ஒரு பிளாஸ்டிக் தாள், ஒட்டும் டேப். எல்லாம் நம் வீட்டுச் சாமான்தான்.

1. கண்ணால் பாருங்கள்

அடிப்பாகத்திலிருந்து தொடங்குங்கள். தினமும் மணலில் இழுத்து ஏற்றும் படகில் முதலில் தேய்வது நடுமுதுகு, அதாவது ஏரா. அங்கே ஜெல்கோட் போய் நார் தெரிகிறதா என்று பாருங்கள். நார் தெரிந்தால் தண்ணி உள்ளே போக ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

விரிசல்களைப் பாருங்கள். ஒரு புள்ளியிலிருந்து நட்சத்திரம் போலப் பிரிந்திருந்தால் அந்த இடத்தில் அடி பட்டிருக்கிறது. மூலைகளில் கோடு கோடாக வரிசையாக இருந்தால் அந்த இடம் வளைந்து வளைந்து களைத்திருக்கிறது. முடி போன்ற மெல்லிய விரிசல் தோலோடு நிற்கலாம். விரிசலின் இரு பக்கமும் கையால் அழுத்திப் பாருங்கள். அசைந்தால் உள்ளேயும் உடைந்திருக்கிறது.

ஒரு இடத்தில் மட்டும் புதுப் பெயிண்ட் இருந்தால் "இங்கே என்ன நடந்துச்சு?" என்று கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை. ஆணி, போல்ட் தலையைச் சுற்றி துருநிறத்தில் வழிந்த கறை இருந்தால், அந்த ஓட்டை வழியாகத் தண்ணி நடமாடுகிறது.

ஆற்றிலும் முகத்துவாரத்திலும் மாதக்கணக்கில் தண்ணியிலேயே நிற்கும் படகில் இன்னொன்று வரும். அடியில் அம்மைக் கொப்புளம் போல சின்னச் சின்ன வீக்கம். தண்ணி மெல்ல ஜெல்கோட்டைத் தாண்டி ஊறி, பசையோடு சேர்ந்து உண்டாக்கும் கொப்புளம் அது. குத்தினால் புளிச்ச வாடையுடன் நீர் பீறிட்டு வரும். கண்ணில் படக்கூடாது, அதனால் நீங்கள் குத்தாதீர்கள். இருக்கிறது என்று குறித்துக்கொண்டால் போதும். தினமும் கரையேறிக் காயும் படகில் இது குறைவு. அதில் ஏராத் தேய்மானம்தான் அதிகம்.

2. காதால் கேளுங்கள்

தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குவோமே, அதே வித்தைதான். ஒரு ரூபாய்க் காசாலோ, மரக் கைப்பிடியாலோ, ஒரு சாண் ஒரு சாணாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் "டக் டக்" என்று கணீரென்று கேட்கும். அடுக்கு பிரிந்த இடமும் தண்ணி ஊறிய இடமும் "டொப் டொப்" என்று மந்தமாகக் கேட்கும். மந்தமான இடத்தைச் சுற்றி சாக்பீஸால் கோடு போடுங்கள். கடைசியில் அந்தக் கோடுகளைப் பார்த்தாலே நோய் எங்கே என்று தெரிந்துவிடும்.

ஒன்று நினைவிருக்கட்டும். உள்ளே கட்டை இருக்கும் இடத்திலும் ஃபோம் இருக்கும் இடத்திலும் சத்தம் இயல்பாகவே மாறும். அதனால் வலப்பக்கம் தட்டிய இடத்தை இடப்பக்கமும் தட்டி ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி கேட்க வேண்டும்.

3. கையால், மூக்கால் பாருங்கள்

என்ஜின் மாட்டும் பின்சுவர் முக்கியமான இடம். என்ஜின் மாட்டியிருந்தால் அதைப் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். சுவர் கூடவே வளைந்தால் உள்ளே கட்டை அழுகியிருக்கலாம். போல்ட்டை ஒன்று கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஓட்டையிலிருந்து பழுப்புத் தண்ணி வந்தாலோ, ஊறிப்போன மரத்தூள் வந்தாலோ, மக்கிய வாடை அடித்தாலோ சந்தேகமே வேண்டாம்.

அறைக்குத் திறப்பான் இருந்தால் திறந்து கையை விட்டுப் பாருங்கள். ஃபோமைப் பிழிந்தால் தண்ணி சொட்டுகிறதா? திறப்பான் இல்லாவிட்டால் விற்பவர் சம்மதத்தோடு, படகு கட்டுபவரை வைத்து, அறையின் தாழ்வான இடத்தில் உட்புறமாக ஒரு சிறு துளை போட்டுப் பார்க்கலாம். தண்ணி இருந்தால் சொட்டும். பார்த்த பிறகு அந்தத் துளையை ஒழுங்காக அடைத்துத் தர வேண்டியது நம் பொறுப்பு.

4. பிளாஸ்டிக் தாள் சோதனை

படகு வெளியே நன்றாகக் காய்ந்த பிறகு, சந்தேகப்பட்ட இடத்தில் ஒரு முழம் பிளாஸ்டிக் தாளை வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டுங்கள். ஒரு நாள் வெயிலில் விடுங்கள். தாளின் உட்பக்கம் வியர்த்து முத்து முத்தாக நின்றால், அந்தச் சுவர் தண்ணி குடித்திருக்கிறது. காய்ந்தது என்று நமக்குத் தெரிந்த இன்னொரு இடத்திலும் ஒரு தாள் ஒட்டுங்கள். இரண்டையும் ஒப்பிட்டால்தான் நியாயம்.

5. சோப்புத் தண்ணி சோதனை

பஞ்சர் கடையில் டியூபைத் தண்ணியில் முக்குவார்களே, அதே முறை. மூடிய அறையின் வடிகால் ஓட்டை வழியாக சைக்கிள் பம்பால் மெதுவாகக் காற்று அடியுங்கள். வெளியே சோப்புத் தண்ணி தடவுங்கள். ஓட்டை இருக்கும் இடத்தில் நுரை பொங்கும். கம்பிரசர் காற்றை வைக்காதீர்கள். அறை பிளந்துவிடும்.

6. நீலத் தண்ணி சோதனை

கரையில் மணலைப் பள்ளம் பறித்து, படகின் அடிப்பாகம் முழுவதும் மணலில் படியும்படி உட்கார வையுங்கள். ஏராவின் ஓரமும் பக்கச் சுவரும் தெரியும்படி இருக்கட்டும். உள்ளே நல்ல தண்ணி ஊற்றி, சொட்டு நீலம் கலந்து விடுங்கள். ஒரு மணி நேரம் கழித்துச் சுற்றி வந்து பாருங்கள். நீலம் எங்கே தெரிகிறதோ அங்கேதான் வழி.

உயரம் 3 அங்குலத்துக்கு மேல் ஊற்ற வேண்டாம். 20 அடி நீளம், 4 அடி அகலம் உள்ள தட்டையான தளத்தில் 3 அங்குலம் என்றாலே 20 கன அடி தண்ணி, 560 கிலோ. அரை டன்னுக்கு மேல்! படகைக் கட்டையில் தூக்கி வைத்து நிரப்பினால் நல்ல படகும் முறியும்.

7. கோலமாவு சோதனை

கடைசியாகப் படகைத் தண்ணியில் விட வேண்டும். அமைதியான ஆற்றிலோ வாய்க்காலிலோ விடுங்கள். உள்தளத்தைத் துணியால் ஈரமில்லாமல் துடைத்து, கோலமாவைத் தூவுங்கள். முதல் அரை மணி நேரம் யாரும் ஏற வேண்டாம். பிறகு என்ஜினை மாட்டி, நாலு பேர் ஏறி முன்னும் பின்னும் நடக்கட்டும். சில விரிசல் பாரம் ஏறும்போது மட்டும்தான் வாய் திறக்கும். பின்சுவர் போல்ட் ஓட்டையும் என்ஜின் எடையில் படகு அமுங்கும்போதுதான் தண்ணிக்குள் போகும். ஈரம் எங்கே தொடங்கி எப்படி ஓடியது என்று மாவு கோடு போட்டுக் காட்டிவிடும். தண்ணி தேங்கிய இடம் வேறு, நுழைந்த இடம் வேறு. கோட்டைப் பின்தொடர்ந்து போங்கள்.

மிதக்கும்போது படகு ஒரு பக்கம் சாய்கிறதா, பின்பக்கம் அதிகமாக அமுங்குகிறதா என்றும் பாருங்கள். காலியான படகு சாய்ந்தால், அந்தப் பக்க அறை தண்ணி குடித்திருக்கலாம். பழைய தண்ணிக் கறைக்கோடு இப்போதைய தண்ணி மட்டத்துக்குக் கீழே இருந்தால் எடை கூடியிருக்கிறது என்று பொருள். "முன்னே எத்தனை பேர் சேர்ந்து இழுத்தீங்க, இப்போ எத்தனை பேர்?" என்று கரையில் கேளுங்கள். உண்மை வந்துவிடும்.

கடல் தண்ணியா, மழைத் தண்ணியா?

அறையிலிருந்து தண்ணி கிடைத்தால் அரை டம்ளர், அதாவது 100 மில்லி, ஒரு தட்டில் ஊற்றி வெயிலில் காயவையுங்கள். கடல் தண்ணியாக இருந்தால் சுமார் 3 கிராம், அதாவது அரைத் தேக்கரண்டி உப்பு மிஞ்சும். லேசாக வெள்ளை படிந்தால் மழைத் தண்ணியில் படகின் உப்பு கரைந்து வந்திருக்கிறது. உப்பு நிறைய இருந்தால் அடியையும் பின்சுவரையும் தேடுங்கள். குறைவாக இருந்தால் மேல்விளிம்பையும் திருகு ஓட்டைகளையும் தேடுங்கள்.

எதை வாங்கலாம், எதை விடலாம்?

ஏரா தேய்மானம், ஒன்றிரண்டு விரிசல், தளர்ந்த போல்ட், கெட்டுப்போன அடைப்பான் ஆகியவை சரிசெய்யக் கூடியவை. படகு கட்டுபவரிடம் செலவு கேட்டு, விலையில் கழித்துப் பேசுங்கள்.

ஒரு அறையில் ஃபோம் ஊறியிருந்தால் அதை வெட்டி எடுத்துப் புதிதாக நிரப்ப வேண்டும். வெயிலில் வைத்தால் காய்ந்துவிடும் என்று சொன்னால் நம்ப வேண்டாம். மூடிய அறைக்குள் காற்று போகாது. பின்சுவர்க் கட்டை அழுகியிருந்தாலும் பெரிய வேலைதான். செலவுக் கணக்கு எழுத்தில் வந்த பிறகு முடிவு செய்யுங்கள்.

பின்சுவரும் அழுகி, அறைகளும் ஊறி, அடியில் பல இடம் "டொப் டொப்" என்று கேட்டால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் அந்தப் படகு வேண்டாம். அந்தக் கடனை மறுப்பது உறுப்பினருக்குச் செய்யும் உதவிதான்.

பழுது பார்க்கும்போது

ஈரத்தின்மேல் ஃபைபர் ஒட்டாது. முதலில் நல்ல தண்ணியால் பலமுறை கழுவுங்கள். உப்பு இருந்தால் அது ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். பிறகு பல நாள் காயவிடுங்கள். விரிசலின்மேல் எம்சீலோ பெயிண்டோ பூசுவது கரை வந்து சேர்வதற்கான அவசர வைத்தியம் மட்டுமே. சேதத்தைச் சுற்றிச் சரிவாகத் தேய்த்துவிட்டுத்தான் புது மேட் ஒட்ட வேண்டும். 6 மில்லிமீட்டர் கனமுள்ள இடம் என்றால் சுற்றிலும் 7 சென்டிமீட்டர், அதாவது நாலு விரல் அகலம் தேய்க்க வேண்டும்.

ஈர ரெசினும் பெட்ரோலும் தெர்மாகோலைக் கரைத்துவிடும். ஃபோம் மாற்றும்போது இதைக் கவனிக்கச் சொல்லுங்கள். தேய்க்கும் தூசி மூச்சில் போகக் கூடாது. முகத்தில் துணி கட்டி, குழந்தைகளைத் தூர அனுப்புங்கள். ஹார்ட்னர் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். ஹார்ட்னரையும் ஆக்சிலரேட்டரையும் நேரடியாகக் கலந்தால் தீப்பிடித்து வெடிக்கும். தெரிந்தவர்தான் இந்த வேலையைச் செய்ய வேண்டும்.

தீர்மானம் போடும் முன் குழு கேட்க வேண்டியவை

• படகை நம் உறுப்பினர்கள் நேரில் பார்த்தார்களா? எந்தத் தேதியில்?
• தட்டிப் பார்த்து, தண்ணியில் விட்டுப் பார்த்தாயிற்றா?
• பின்சுவரும் மிதவை அறைகளும் எப்படி இருக்கின்றன?
• பழுதுச் செலவு எவ்வளவு? அது கடனில் சேர்ந்திருக்கிறதா?
• மீன்வளத் துறைப் பதிவுச் சான்று விற்பவர் பெயரில் இருக்கிறதா? படகில் எழுதிய எண்ணும் சான்றில் உள்ள எண்ணும் ஒன்றா?
• லைஃப் ஜாக்கெட் வாங்கப் பணம் ஒதுக்கியாயிற்றா?

இந்தப் பதிலை எல்லாம் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். விற்பவர் சோதனைக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். நல்ல படகு வைத்திருப்பவர் தட்டிப் பார்க்க வேண்டாம் என்று சொல்லமாட்டார்.

படகுக் கடன் மனு ஏதாவது உங்கள் குழுவில் நிலுவையில் இருந்தால், அடுத்த கூட்டத்தில் இந்தப் பக்கத்தை ஒருவர் சத்தமாகப் படியுங்கள், மற்றவர்கள் கேளுங்கள். கூட்டம் முடிந்ததும் கரைக்குப் போய், நம் ஊர்ப் படகு ஒன்றையே தட்டிப் பழகுங்கள். நல்ல சத்தம் எது, கெட்ட சத்தம் எது என்று காதுக்கு ஒருமுறை பிடிபட்டால் பிறகு மறக்காது.